தலைமையகம் எங்கள் ஊருக்கு வர 20 வருட வரிச்சலுகை கேட்கிறார்கள்: ஆதரிக்கலாமா?

மிட்வெஸ்ட்_வாசி

வணக்கம் நண்பர்களே. நாங்கள் இருப்பது அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு நடுத்தர ஊர். ஒரு பெரிய நிறுவனம் புதிய தலைமையகம் கட்டப் போகிறது, மூன்று ஊர்களைப் பார்த்து வைத்திருக்கிறது, அதில் எங்கள் ஊரும் ஒன்று. 20 வருடத்துக்குச் சொத்து வரியில் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்க நகர மன்றம் தயாராக இருக்கிறது, கூடவே சாலையும் போட்டுத் தருவார்களாம். இங்கே பள்ளிக்கூடம் நடப்பதே பெருமளவு சொத்து வரியில்தான், என் பிள்ளைகள் இரண்டு பேரும் அதே அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள், அதனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் "வேலை வரும், வீட்டு விலை ஏறும், ஏன் தடுக்கிறாய்" என்கிறார்கள். அமேசான் 2017-ல் இப்படி ஒரு பெரிய போட்டி நடத்தியதே, கடைசியில் ஊர்களுக்கு என்னதான் கிடைத்தது? அடுத்த மாதம் பொதுக் கூட்டம் இருக்கிறது, எழுந்து பேசலாம் என்று நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொடோமாக்_கரை

அந்தப் போட்டி நடந்தபோது நான் வாஷிங்டனுக்குப் பக்கத்தில், வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனில்தான் இருந்தேன், இப்போதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2017 செப்டம்பரில் அமேசான் அறிவித்தது: சியாட்டிலில் இருக்கும் தலைமையகத்துக்குச் சமமாக இரண்டாவது தலைமையகம், 50,000 வேலை, 500 கோடி டாலர் முதலீடு. ஆறே வாரத்தில் 238 விண்ணப்பங்கள் குவிந்தன. டூசான் பக்கத்திலிருந்து 21 அடி சாகுவாரோ கள்ளியை சியாட்டிலுக்கு அனுப்பினார்கள், பரிசு வாங்குவதில்லை என்று அமேசான் அதை அரிசோனாவிலேயே ஒரு பாலைவன அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கச் செய்தது. ஜார்ஜியாவில் ஸ்டோன்கிரெஸ்ட் என்ற ஊர் 345 ஏக்கரைப் பிரித்து, அதற்கு 'அமேசான்' என்றே பெயர் வைக்கிறோம் என்றது. கேன்சஸ் சிட்டி மேயர் அமேசானில் ஆயிரம் பொருள் வாங்கி, எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டு, விமர்சனத்துக்குள் தன் ஊர்ப் பெருமையை எழுதினார். இதையெல்லாம் வேடிக்கைச் செய்தியாகத்தான் போட்டார்கள், எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் ஒரு நிறுவனத்தின் வாசலில் கைகட்டி நிற்கலாமா?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பொடோமாக் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மேரிலாந்தின் மாண்ட்கமரி கவுண்டிக்காக 850 கோடி டாலர் வரை தர முன்வந்தார்கள். நியூஜெர்சியின் நியூவார்க்குக்காக 700 கோடி. இரண்டுக்குமே கிடைக்கவில்லை. 2018 நவம்பரில் நியூயார்க்குக்குப் பாதி, எங்களுக்குப் பாதி, ஆளுக்கு 25,000 வேலை என்று பிரித்துவிட்டார்கள். எங்கள் பக்கம் நேரடிச் சலுகை 57.3 கோடிதான். அதிகம் கொடுத்தவர் ஜெயிக்கவில்லை என்பதை உங்கள் கூட்டத்தில் முதலில் சொல்லுங்கள்.

இங்கே ஏன் வந்தார்கள்? கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். மெட்ரோ இருக்கிறது, ரீகன் விமான நிலையத்துக்கு நடந்தே போகலாம், பென்டகன் பக்கத்திலேயே இருக்கிறது. அப்புறம், 2005-ல் ராணுவ அலுவலகங்களை இடம் மாற்ற முடிவெடுத்த பிறகு ஆர்லிங்டனின் கிரிஸ்டல் சிட்டி பகுதியில் கட்டடம் கட்டடமாகக் காலியானது. அங்கே தரைக்கடியில் ஒரு கடை நடைபாதை உண்டு, ஒரு காலத்தில் மதிய நேரத்தில் சீருடைக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள், பிறகு நான் போகும்போதெல்லாம் ஷட்டர் இறக்கிய கடைகள்தான் அதிகம். அவ்வளவு இடம் ஒரே நிலச் சொந்தக்காரர் கையில் தயாராகக் கிடந்தது. இதில் எதையும் வரிச்சலுகையால் உண்டாக்க முடியாது.

பணம் எப்படிக் கொடுத்தார்கள் என்பது இன்னும் முக்கியம். முதல் 25,000 வேலைக்குத் தலா 22,000 டாலர், அதுவும் வேலை வந்து, சராசரிச் சம்பளம் 1,50,000 டாலரிலிருந்து வருடாவருடம் ஏறி, எல்லாம் சரிபார்த்த பிறகுதான். ஆர்லிங்டன் தன் பங்காகச் சொன்ன 2.3 கோடியும் ஹோட்டல் அறை வரி கூடினால், கூடிய பகுதியிலிருந்து மட்டும். அதோடு அலெக்சாண்ட்ரியாவில் வர்ஜீனியா டெக்கின் 100 கோடி டாலர் கல்வி வளாகம். நாளைக்கே அமேசான் மூட்டை கட்டினாலும் அந்தக் கல்லூரியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். 2023 மார்ச்சில் இரண்டாம் கட்டக் கட்டுமானத்தைத் தள்ளிவைத்தார்கள். முதல் கட்டம் ஜூனில் திறந்தபோது சுமார் 8,000 பேர்தான் இந்தத் தலைமையகத்துக்கு உரியவர்கள். என் வாடகை மட்டும் 25,000 பேரும் வந்துவிட்ட மாதிரி ஏறியது. ஆனால் ஆள் வரவில்லை என்றால் மாநிலம் காசு கொடுக்க வேண்டியதும் இல்லை, அந்த ஒரு ஷரத்தால்தான் நான் இதை இன்னும் ஆதரிக்கிறேன்.

கேன்சஸ்_சிட்டி_அண்ணன்

மேயர் கதையைச் சொன்னீர்கள், எங்கள் ஊரின் பெரிய கதை வேறு. இங்கே நடுவில் ஒரு தெருதான் எல்லை, இந்தப் பக்கம் மிசௌரி, அந்தப் பக்கம் கேன்சஸ். பல வருடம் இரண்டு மாநிலங்களும் ஒன்றிடமிருந்து ஒன்று கம்பெனிகளை இழுத்துக்கொண்டே இருந்தன. 2011-ல் ஏஎம்சி சினிமா நிறுவனம் மிசௌரிப் பக்க டவுன்டவுனிலிருந்து கேன்சஸ் பக்க லீவுட்டுக்குத் தலைமையகத்தை மாற்றுவதாக அறிவித்தது, சில மைல்தான் தூரம், கேன்சஸ் அதற்குச் சலுகையை அள்ளிக் கொடுத்தது. அதே வருடம் ஆப்பிள்பீஸ் உணவக நிறுவனம் எதிர்த்திசையில் மிசௌரிக்கு வந்தது, சில வருடத்தில் கலிஃபோர்னியாவுக்கே போய்விட்டது. வேலை பார்க்கிறவர் அதே ஆள், அதே வீடு, கார் மட்டும் வேறு பக்கம் திரும்புகிறது, இதற்கு இரண்டு பக்கத்து வரிப்பணமும் போனது. 2019-ல் இரண்டு கவர்னர்களும் போதும் என்று சமாதானத்துக்கு வந்தார்கள்.

தம்பி, உங்கள் மூன்று ஊர்களில் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், அந்த ஊர்க்காரர்களிடம் முதலில் பேசச் சொல்லுங்கள். அப்படிப் பேசக்கூடாது என்று ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

நாஷ்வில்_நண்பன்

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கமும் சொல்கிறேன். நாங்கள் அந்தப் போட்டியில் முதல் பரிசு வாங்கவில்லை, ஆனால் அதே நாளில் 5,000 வேலைக்கான மையம் எங்களுக்கு அறிவிக்கப்பட்டது. சலுகை சுமார் 10.2 கோடி டாலர். பக்கத்து ஊர் கொடுக்கும்போது நாம் மட்டும் கொள்கை பேசிக்கொண்டிருந்தால் நம் பிள்ளைகள்தான் வேலைக்கு வெளியூர் போவார்கள். சலுகையே தப்பு என்று சொல்லிவிட முடியாது, வேலை ஒன்றுக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

நியூயார்க்கைப் பாருங்கள். கிட்டத்தட்ட 300 கோடி டாலர் சலுகை, அதை நகர மன்ற ஒப்புதலுக்கு வராத வழியில் முடித்தார்கள், எதிர்ப்பு கிளம்பியது, 2019 பிப்ரவரி 14 அன்று அமேசான் விலகிவிட்டது. 25,000 வேலை போச்சு.

பொடோமாக்_கரை

நண்பரே, அந்தக் கதைக்கு மிச்சம் இருக்கிறது. அதே 2019 டிசம்பரில் ஹட்சன் யார்ட்ஸ் பகுதியில் 1,500 பேருக்கு அலுவலகம் எடுத்தார்கள், 2020-ல் ஐந்தாவது அவென்யூவில் பழைய லார்ட் அண்ட் டெய்லர் கடையின் கட்டடத்தையே வாங்கினார்கள். அந்த 300 கோடி இல்லாமலேயே. 25,000-க்கு ஈடு இல்லை, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஊரில் ஆள் இருந்தால் கம்பெனி வரும். டிமதி பார்டிக் என்ற பொருளாதார அறிஞர் 2018-ல் பழைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்து, சலுகையால் முடிவு மாறுவது 100 கம்பெனிகளில் 2 முதல் 25 வரைதான் என்று கணித்தார். மீதிப் பேர் எப்படியும் அங்கே வந்திருப்பார்கள்.

மிட்வெஸ்ட்_வாசி

ரொம்ப நன்றி எல்லோருக்கும். வரைவு ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். வேலை எண்ணிக்கை "எதிர்பார்ப்பு" என்றுதான் இருக்கிறது, குறைந்தால் என்ன என்று ஒரு வரி கூட இல்லை. வரிச்சலுகை முதல் வருடத்திலிருந்தே ஆரம்பிக்கிறது. இதை எப்படிக் கேட்பது?

பொடோமாக்_கரை

பாஸ்டன் உதாரணத்தைக் காட்டுங்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் 2016-ல் கனெக்டிகட்டிலிருந்து தலைமையகத்தை அங்கே மாற்றியது, மாநிலமும் நகரமும் சேர்ந்து 14.5 கோடி வரை தருவதாகச் சொன்னார்கள். மாநிலம் தன் பணத்தைக் கட்டடத்தில் போட்டது. கம்பெனி திட்டத்தைச் சுருக்கியதும் 2019-ல் கட்டடத்தை விற்று மாநிலத்துக்கு 8.7 கோடி திரும்பி வந்தது. விஸ்கான்சினில் தைவான் மின்னணு நிறுவனமான ஃபாக்ஸ்கான் கதையும் இப்படித்தான், அது தலைமையகம் இல்லை, தொழிற்சாலை. 13,000 வேலைக்கு ஏறக்குறைய 300 கோடி என்றார்கள், வேலை வரவில்லை, 2021-ல் 1,454 வேலைக்கு 8 கோடி என்று ஒப்பந்தத்தை மாற்றி எழுதினார்கள். மாநிலத்தின் பெரிய தொகை வேலைக்குக் கட்டுப்பட்டிருந்ததால் தப்பித்தது, ஆனால் உள்ளூர் நிர்வாகம் நிலம் வாங்கவும் ரோடு போடவும் முன்கூட்டியே செலவழித்திருந்தது.

அதனால் மூன்றே விஷயம் கேளுங்கள். எண்ணிக்கையும் சம்பளமும் எழுத்தில் வேண்டும், சலுகை அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும், பள்ளிக்குப் போகும் வரிப் பங்கில் கை வைக்கக்கூடாது. அந்தச் சாலை யாருக்குப் பயன்படும் என்பதையும் வரைபடத்தோடு காட்டச் சொல்லுங்கள். வரைவில் பள்ளி மாவட்டத்தின், அதாவது உங்கள் ஊர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின், கையெழுத்து இருக்கிறதா?

மிட்வெஸ்ட்_வாசி

இல்லை. பள்ளி வாரியக் கூட்டம் வியாழக்கிழமை, முதலில் அங்கே போகிறேன்.