பைத்தான் 3.14 டெப் பேக்கேஜ்: ஆர்சி3 போட்ட மெஷினில் இறுதி வெளியீடு ஏறவில்லை

லேப் பொறுப்பு:
எங்கள் லேப் மெஷின் எல்லாவற்றிலும் டெபியன் 13 லினக்ஸ். அதோடு வருவது பைத்தான் 3.13. இந்த செமஸ்டருக்கு 3.14 கேட்டார்கள். 2025 செப்டம்பரில் ஆர்சி3 (இறுதிக்கு முந்தைய சோதனை வெளியீடு) வந்ததும் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து, 'பைத்தான்3.14' என்ற பெயரில் டெப் (டெபியன் பேக்கேஜ் கோப்பு) கட்டிப் போட்டோம். வெர்ஷன் 3.14.0ஆர்சி3-1. அக்டோபர் 7-ல் இறுதி வெளியீடு வந்தது. 3.14.0-1 என்று கட்டி எங்கள் ரெப்போவில் (பேக்கேஜ் கிடங்கு) வைத்தால், பேக்கேஜ்களை ஏற்றும் ஆப்ட் (apt) கண்டுகொள்வதே இல்லை. ஜன்னல், பட்டன் வரையும் டிகின்டர் மாட்யூலும் இம்போர்ட் ஆகவில்லை. கம்பைலில் எர்ரர் எதுவும் இல்லை. எங்கள் பழைய ஸ்கிரிப்ட் ஒன்று 'ஆப்ட்_பிகேஜி மாட்யூல் இல்லை' என்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

முதலாண்டு சிஎஸ்:
வெர்ஷனுக்கு முன்னால் 1: என்று எபாக் (மற்ற எல்லாவற்றுக்கும் முன் ஒப்பிடப்படும் எண்) போடுங்க அண்ணா, ஏறிவிடும்.

டெப் கட்டுபவன்:
எபாக் வேண்டாம் தம்பி. ஒருமுறை போட்டால் அந்தப் பேக்கேஜ் உள்ளவரை அதைச் சுமக்க வேண்டும். நாளைக்கு டெபியன் தரும் 3.14.5 கூட உங்கள் 1:3.14.0-க்குக் கீழேதான் நிற்கும்.

டெப்களை நிறுவும் டிபிகேஜி (dpkg) கணக்கில் 3.14.0-க்குப் பின்னால் எழுத்து ஒட்டியிருந்தால் அது பெரிய வெர்ஷன். ஆர்சி3 ஜெயித்தது அதனால்தான். 3.14.0~ஆர்சி3-1 என்று டில்டா (~) வைத்துக் கட்ட வேண்டும். டில்டா மட்டும்தான் ஒன்றுமில்லாததைவிடவும் சிறியது. வெளியீட்டுக்கு முந்தைய எதைக் கட்டினாலும் டில்டா இல்லாமல் ரெப்போவில் ஏற்றாதீர்கள்.

பேக்கேஜின் பெயரையும் மாற்றுங்கள், 'லேப்-பைத்தான்3.14' என்பதுபோல. டெபியனின் பெயரை நாம் எடுத்துக்கொள்வது சரியில்லை. புதுப் பெயரில் பழையதற்கு கான்ஃப்லிக்ட்ஸ் (சேர்ந்து இருக்க முடியாது), ரீப்ளேசஸ் (அதன் இடத்தை எடுக்கும்) இரண்டும் எழுதி, ஒவ்வொரு மெஷினிலும் பெயர் சொல்லி இன்ஸ்டால் செய்தால் ஆர்சி3 தானே விலகும்.

டிகின்டர் விஷயம்: ஒரு லைப்ரரியின் டெவ் பேக்கேஜ் (கம்பைலுக்கு வேண்டிய கோப்புகள்) இல்லையென்றால் பைத்தான் அந்த மாட்யூலை விட்டுவிட்டு மேலே போய்விடும். பில்ட் முடிவில் எது விடுபட்டது என்று ஒரு பட்டியல் வரும், அதைப் படியுங்கள். கட்டத் தேவையானவற்றை இறக்கும் ஆப்ட் பில்ட்-டெப் கட்டளையை 3.13-க்குக் கொடுத்தால் டிகே, எஸ்எஸ்எல் எல்லாம் வந்துவிடும். 3.14-ல் இசட்ஸ்டாண்டர்ட் சுருக்க முறை புதிது, லிப்இசட்எஸ்டிடி-டெவ் தனியாகப் போடுங்கள். எல்லாவற்றையும் பேக்கேஜின் பில்ட்-டிபெண்ட்ஸ் பட்டியலில் எழுதி, எஸ்பில்ட் கருவியால் சுத்தமான டெபியன் 13 சிஹெச்ரூட்டில் (தனியாகப் பிரித்த வெறும் சிஸ்டம்) கட்டுங்கள். உங்கள் லேப்டாப்பில் கட்டினால், அங்கே ஏற்கெனவே கிடப்பதும் இல்லாததும் உங்கள் பேக்கேஜின் குணமாகிவிடும்.

ஸ்கிரிப்ட் உடைந்தது: மேக் இன்ஸ்டால் கொடுத்திருப்பீர்கள், யூஸ்ஆர் லோக்கலில். அது 'பைத்தான்3' என்ற பெயரையும் எழுதிவிடும். கட்டளைகளைத் தேடும் பாத் (PATH) வரிசையில் அதுதான் முதலில். உங்கள் ஸ்கிரிப்ட் பைத்தானை என்வ் (env) வழியாக, பாத்தில் தேடிக் கூப்பிடுவதால் 3.14-ல் ஓடுகிறது, ஆனால் ஆப்ட்_பிகேஜி 3.13-க்குக் கம்பைல் ஆனது. மேக் ஆல்ட்இன்ஸ்டால் கொடுத்தால் 3.14 என்ற பெயர் மட்டும்தான் வரும். ப்ரிஃபிக்ஸையும் (நிறுவும் இடம்) ஓபிடி (/opt) அடைவுக்கு மாற்றுங்கள். டெப் பேக்கேஜ் யூஸ்ஆர் லோக்கலைத் தொடக்கூடாது என்பது டெபியன் விதி.

முதலாண்டு சிஎஸ்:
இவ்வளவுக்குப் பதில் டெபியனே 3.14 கொடுத்துவிடலாமே?

டெப் கட்டுபவன்:
டெபியன் 13 வெளியானது ஆகஸ்ட் 9, அப்போது 3.14 முடியவே இல்லை. வெளியான டெபியன் 13-ல் இனி 3.13-தான். அடுத்த வெளியீட்டுக்கு வேலை நடக்கும் அன்ஸ்டேபிளில் முதலில் புதியதை ஆதரிக்கும் வெர்ஷனாகச் சேர்ப்பார்கள். சி எக்ஸ்டென்ஷன் உள்ள பேக்கேஜ்களை இரண்டு வெர்ஷனுக்கும் சேர்த்து மறுபடி கட்டுவார்கள். உடைவதைச் சரிசெய்த பிறகுதான் டீஃபால்ட் மாறும், பழையது கடைசியில் போகும். 3.12-ல் டிஸ்ட்யூட்டில்ஸ் போனது, 3.13-ல் சிஜிஐ உட்பட 19 மாட்யூல்கள் போயின. ஒவ்வொன்றுக்கும் யாரோ உட்கார்ந்து பேட்ச் எழுதினார்கள். மொழியைக் கட்டுவது சின்ன வேலை, அதை நம்பி நிற்பவற்றை எழுப்புவதுதான் பெரிது. அந்த வேலை செய்பவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

லேப் பொறுப்பு:
நன்றி அண்ணே. சிஹெச்ரூட்டில் கட்டினேன், விடுபட்ட மாட்யூல் பட்டியல் காலி. மாணவர்கள் பிப் (pip) வைத்து லைப்ரரி போடுவதற்கு?

டெப் கட்டுபவன்:
ஆளுக்கொரு வெனவ் (venv, தனிப் பைத்தான் சூழல்). ரூட்டாக பிப் ஓடவே கூடாது.