ஜானட்ஸ் ஃபாஸுக்குத் தள்ளுவண்டி போகுமா? "குடும்ப நடை" என்று எழுதியவரே பதில் சொல்லட்டும்

ரெட்டைவால்அம்மா:
போன மாதம் நடைராஜா அண்ணா இங்கே ஒரு பதிவு போட்டிருந்தார். "வட இங்கிலாந்தில், யார்க்ஷயர் டேல்ஸில் மாலம் என்று ஒரு கிராமம். அங்கிருந்து ஜானட்ஸ் ஃபாஸ் அருவி வரை போய்வர மூன்று மைலுக்குள்தான். குடும்பத்தோடு போகலாம், தள்ளுவண்டியே போகும்." இதை நம்பி லூட்டனிலிருந்து நாலு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு, இரண்டு வயது இரட்டையரோடும் மாமியாரோடும் போய் இறங்கினோம். ஓடையோரம் சரளைப் பாதை, கல்சுவர், ஆட்டுக்குட்டி எல்லாம் அழகுதான். அப்புறம் வந்தது கிஸ்ஸிங் கேட்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு சின்ன கூண்டு, அதற்குள் ஆடுகிற ஒற்றைக் கதவு. நீங்கள் கூண்டுக்குள் நுழைந்து மூலையில் ஒடுங்கி நின்று, கதவை உங்களைத் தாண்டித் தள்ளிவிட்டு, அந்தப் பக்கமாக வெளியேற வேண்டும். ஆடு, மாடு தாண்டாது. இரட்டையர் உட்காரும் எங்கள் அகலத் தள்ளுவண்டி, அந்த டபுள் பக்கியும் தாண்டவில்லை. முன்சக்கரம் உள்ளே, பின்சக்கரம் வெளியே, நடுவில் என் வீட்டுக்காரர். பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்று, "ஒன்றும் அவசரமில்லை, மெதுவாகவே செய்யுங்கள்" என்றார்கள். இந்த ஊரில் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அண்ணா, தள்ளுவண்டி போகுமா போகாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

நடைராஜா:
போகும். ஒரு வார்த்தை கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். இனி விளக்கம்.

தங்கச்சி, நான் எழுதியது "தள்ளுவண்டி". இரண்டு பிள்ளைகளைப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைக்கும் தேர் பற்றி நான் எழுதவில்லை. ஸ்கிப்டனில் 19 வருடமாக இருக்கிறேன், மாலம் வெறும் 11 மைல். என் பேத்தியை அந்தக் கேட் வழியாகத் தள்ளுவண்டியில் கொண்டு போயிருக்கிறேன். வரைபடம் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல்2 தாள், 1:25,000 அளவு, பாதை எல்லாம் பச்சைக் கோடு கோடாகப் போட்டிருக்கிறான்.

ரெட்டைவால்அம்மா:
பச்சைக் கோடு பார்த்தேன். அந்தத் தாளில் கேட் எங்கே, என்ன வகை, எத்தனை அகலம் என்று போட்டிருக்கிறதா? போடுவதே இல்லை. எங்கள் வண்டி 76 சென்டிமீட்டர். இரட்டைப் பிள்ளை பெற்றவளுக்குக் குடும்பம் இல்லையா? அப்படியானால் "ஒரு பிள்ளைக் குடும்ப நடை" என்று எழுதியிருக்க வேண்டும்.

செம்மொழிச்செல்வன்:
இரண்டு பேரும் மன்னிக்க வேண்டும். "ஃபாஸ்" என்றாலே பழைய நார்ஸ் மொழியில் அருவி. "ஃபாஸ் அருவி" என்பது நம் ஊர் "நடு சென்டர்" மாதிரி. அப்புறம் "கிஸ்ஸிங் கேட்" என்று எத்தனை தடவைதான் எழுதுவீர்கள்? முத்தக்கதவு என்று அழகாகச் சொல்லலாமே.

நடைராஜா:
முத்தமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. கதவு கூண்டின் இரண்டு ஓரத்தையும் லேசாகத் தொட்டு நிற்கிறது, அதனால் அந்தப் பெயர். ஜோடிகள் முத்தம் கேட்பது பின்னால் வந்த விளையாட்டு. மொழிபெயர்க்க வேண்டுமென்றால் "உரசுகதவு" என்று போடுங்கள்.

செம்மொழிச்செல்வன்:
உரசுவது வேறு, தொடுவது வேறு. உரசினால் கதவு தேயும்.

ரெட்டைவால்அம்மா:
எங்கள் வண்டி உரசித் தேய்ந்துதான் வந்தது. 76 சென்டிமீட்டர். பதில் எங்கே?

பூண்டுப்பிரியை:
சண்டையை விடுங்கப்பா. நாங்கள் மே மாதம் போனோம். அருவிக்கு முந்திய காட்டில் தரை தெரியாமல் காட்டுப்பூண்டு, வெள்ளை வெள்ளையாகப் பூ. வாசனை காட்டுக்குள் நுழைவதற்கு முன்பே வந்துவிடுகிறது. ஒரு கைப்பிடி இலை பறித்து வந்து துவையல் அரைத்தேன், இரண்டு இட்லி கூடுதலாகப் போனது. விழுந்த மரங்களில் ஜனங்கள் காசை அடித்து அடித்து, மீன் செதில் மாதிரி வைத்திருக்கிறார்கள். என் பையன் அதைப் பிடுங்கப் பார்த்து அடி வாங்கினான்.

லூட்டன்வாசி:
அடுத்தவன் காட்டில் இலை பறித்தது திருட்டு இல்லையா அக்கா? ஏற்கெனவே நம்மைப் பற்றி நல்ல பெயர்!

நடைராஜா:
திருட்டு இல்லை. 1968 திருட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது: காட்டுச்செடியில் பூ, பழம், இலை பறிப்பது திருட்டாகாது, விற்பதற்குப் பறிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமல் வேரோடு பிடுங்கினால் 1981 வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். துவையல்காரர்களுக்கு இன்னொன்று: அதே நிழலில் "லார்ட்ஸ் அண்ட் லேடீஸ்" என்ற நச்சுச்செடியும் வளரும். இளம் இலை பார்க்க ஒன்று போலிருக்கும், வாயில் வைத்தால் நெருப்புதான். கசக்கி முகர்ந்தால் தெரியும் என்பார்கள். நாலு இலை பறித்ததும் கையெல்லாம் பூண்டு மணம், அப்புறம் எதை முகர்ந்தாலும் பூண்டுதான். ஆகவே ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துப் பறிக்க வேண்டும்.

பூண்டுப்பிரியை:
எங்கள் வீட்டில் எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம், நன்றி.

லீட்ஸ்பொறியாளன்:
தள்ளுவண்டிக்காரர்கள் ஜானட்ஸ் ஃபாஸ் போனதே தப்பு. மாலம் கோவ் அடிவாரம் போயிருக்க வேண்டும். நல்ல பாதை, எதிரே 80 மீட்டர் செங்குத்துச் சுண்ணாம்புப் பாறை. மேலே டார்ன் ஏரியில் இருந்து பூமிக்குள் போகிற தண்ணீர் அந்தப் பாறைக்கு அடியில்தான் வெளியே வருகிறது. குழந்தைகளுக்குக் காட்ட அருமையான விஷயம்.

நடைராஜா:
குழந்தைகளுக்குத் தப்பாகக் காட்டாதீர்கள் தம்பி. டார்ன் தண்ணீர் கோவ் அடியில் வருவதில்லை. சாயம் கலந்து விட்டுப் பார்த்துவிட்டார்கள். அது கிராமத்துக்குத் தெற்கே ஏர் ஹெட் ஊற்றில் வருகிறது. கோவ் அடியில் வருவது வேறோர் ஓடை, ஸ்மெல்ட் மில் என்ற பழைய உருக்காலைப் பக்கம் பூமிக்குள் போவது. பார்த்தால் யாரும் உங்களைப் போலத்தான் நினைப்பார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

லீட்ஸ்பொறியாளன்:
2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயலின்போது கோவ் உச்சியிலிருந்தே அருவி கொட்டியதே, அது எந்தத் தண்ணீர்? என் கண்ணால் பார்த்தேன்.

நடைராஜா:
அது பூமிக்குள் இறங்க இடம் போதாமல் மேலே வழிந்த தண்ணீர். அடியில் வருவதைப் பற்றிப் பேசும்போது உச்சிக்குத் தாவுகிறீர்கள். நானும்தான் பார்த்தேன், உங்களுக்கு முன்னால் நின்றவன் நானாகக்கூட இருக்கலாம்.

லீட்ஸ்பொறியாளன்:
ஓ, நீங்கள் எதிலும் முன்னால்தானே. இரண்டு வருடத்துக்கு முன் இங்கில்பரோ மலைக்குப் போனபோதும் "நானே வழிகாட்டி" என்று மூடுபனியில் எங்களை ஒரு சதுப்பில் இறக்கினீர்களே, அந்த ஷூ இன்னும் காயவில்லை.

நடைராஜா:
அன்று ஷூவுக்கு மேல் சேறு புகாமல் கெய்டர் உறை கட்டாமல் வந்தது யார்? அந்தக் கதையை இங்கே இழுக்க வேண்டாம்.

ரெட்டைவால்அம்மா:
தண்ணீர் எங்கே வேண்டுமானாலும் வரட்டும். 76 சென்டிமீட்டர் அந்தக் கேட்டில் போகுமா? கேட்டைத் தாண்டினாலும் காட்டுக்குள் வேரும் கல்லும். கடைசிக் கால் மைல் ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். மாமியார் வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

பூண்டுப்பிரியை:
மாமியாருக்கு அருவி பிடித்ததா? ஜானட் என்கிற தேவதை ராணி அருவிக்குப் பின்னால் குகையில் இருப்பதாகக் கதை சொல்வார்கள். அந்தக் குளத்தில்தான் முன்பு மயிர் கத்தரிக்கும் முன் ஆடுகளைக் கழுவுவார்களாம்.

ரெட்டைவால்அம்மா:
"இதைவிட நம் குற்றாலம் பெரிது" என்றார். அதோடு சரி.

லூட்டன்வாசி:
பின்னால் முதுகில் மாட்டுகிற கேரியர் இரண்டு வாங்கினால் முடிந்தது கதை.

ரெட்டைவால்அம்மா:
நீங்கள் வாங்கிக் கொடுங்கள்.

நடைராஜா:
சரி, ஞாயிற்றுக்கிழமை நானே போகிறேன். பேத்தியும் வருகிறாள். டேப்பும் எடுத்துப் போகிறேன். படம் போடுகிறேன், எல்லோரும் வாயை மூடலாம்.

நடைராஜா:
போட்டுவிட்டேன். முதல் படம்: கேட்டின் நடுவில் தள்ளுவண்டி. இரண்டாவது படம்: மறுபக்கத்தில் அதே வண்டி. போகும்.

ரெட்டைவால்அம்மா:
வண்டியில் குழந்தை எங்கே அண்ணா?

நடைராஜா:
பேத்திக்கு அன்று நடக்க ஆசை.

ரெட்டைவால்அம்மா:
முதல் படத்தில் பின்சக்கரம் தரையில் இல்லையே. பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் தூக்கிப் பிடித்திருக்கிறாரே, அவர் யார்?

நடைராஜா:
யாரோ வழிப்போக்கர். நல்ல மனிதர். நான் கேட்கவே இல்லை, அவராகவே பிடித்தார்.

லீட்ஸ்பொறியாளன்:
டேப் அளவு எத்தனை?

நடைராஜா:
மழை. டேப்பை வெளியே எடுக்கவில்லை.

செம்மொழிச்செல்வன்:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கதவு கூண்டைத் தொடுகிறது, உரசவில்லை. நான் அன்றே சொன்னேன்.