2012 ஏப்ரல் 11 சுனாமி எச்சரிக்கை யாருக்கு நினைவிருக்கிறது?

உறவுகளுக்கு வணக்கம். மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் ஒரு பாடசாலையில் தரம் 10க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சென்ற வாரம் ஒரு பிள்ளை, குறித்த நாளில் சுனாமி வரும் என்ற வாட்ஸ்அப் குரல்பதிவோடு வந்தாள். நிலநடுக்கத்தை நாள் குறித்துச் சொல்ல எவராலும் முடியாது என்றேன். உடனே கடைசி வாங்கில் இருந்தவன், "2012இல் அரசாங்கம் சொல்லித்தானே எல்லோரும் ஓடினார்களாம், டீச்சர்? அலை வரவில்லையே. அதுவும் பொய்தானே?" என்றான்.

நல்ல கேள்வி. அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் உண்மையிலேயே அதிர்ந்தது. பாறைகள் பக்கவாட்டில் நழுவியதால் பேரலை எழவில்லை. 2004இல் கடலடி மேலெழும்பியது. சுமார் இரண்டு மணித்தியாலத்தில் அலை நம் கரையில். எச்சரிக்கை பிழைத்துப்போவதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல. இதை நான் கரும்பலகையில் எழுதினால் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அவர்களே விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

அன்று பிற்பகல் நாவலடி, காத்தான்குடி, கல்முனைப் பக்கம் இருந்தவர்கள், எச்சரிக்கை எத்தனை மணிக்கு, யார் மூலம் எட்டியது, எங்கே ஓடினீர்கள் என்று எழுதுவீர்களா? நேரம் மறந்திருந்தால் மறந்துவிட்டது என்றே எழுதுங்கள். அதுவும் பாடத்துக்கு வேண்டும். அந்த வாரப் பத்திரிகை நறுக்கு யாரிடமாவது இருந்தால் படமெடுத்துப் போடுங்கள். பழைய பெட்டிகளைக் கிளறச் சொல்வதற்கு மன்னிக்கவும்.

அந்தக் குரல்பதிவை மட்டும் போடச் சொல்லாதீர்கள், இங்கே போடமாட்டேன்.