புதுப்பிப்பு: ரீல் தீரும் நேரத்தில் வண்ணம் விலகிய சிக்கல்

எங்கள் கிராவூர் அச்சு இயந்திரத்தில் 12 மைக்ரான் பாலியஸ்டர் பிலிம் ஓடும்போது, ரீல் பாதிக்குக் கீழே வந்ததும் சிவப்பு நீலத்தை விட்டு விலகுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுகின்றனவா என்று கவனிக்கும் ரெஜிஸ்டர் சென்சாரைப் பார்க்கச் சொன்னீர்கள் பலர். பார்த்தோம், அதில் பழுதில்லை. கோளாறு ரீல் அவிழும் பக்கத்தில் இருந்தது.

ரீலைப் பிடித்திருக்கும் பவுடர் பிரேக்கின் முறுக்குவிசை கடைசிவரை மாறவேயில்லை. ரீல் சிறுத்தாலும் அதே முறுக்குவிசை என்பதால், 600 மி.மீ. விட்டத்தில் அளவாக இருந்த இழுவிசை, ரீல் 200 மி.மீ. ஆகும்போது மூன்று மடங்காகிவிடுகிறது. மெல்லிய பிலிம் நீளாமல் என்ன செய்யும்?

பிரேக்கைத் தளர்த்தச் சொல்ல வேண்டியது டான்சர் ரோலர், அதாவது பிலிமின் இழுவிசைக்கேற்ப மேலும் கீழும் நகரும் உருளை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு அந்த ரோலரைக் கையால் தூக்கி இறக்கினேன். திரையில் எண் அசையவில்லை! ரோலரைத் தாங்கும் இரும்புக் கையின் அச்சில், அதன் நிலையை அளக்கப் பொருத்திய பொட்டென்ஷியோமீட்டரின் சிறு திருகு தளர்ந்திருந்தது. அந்த இரும்புக் கை மேலே போய் முட்டி நின்றாலும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அது நடுவில் இருப்பதாகவே தெரிந்திருக்கிறது. இரண்டு வாரம் சென்சாரையே துடைத்துக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

திருகை இறுக்கி, நடுநிலையை மறுபடி அமைத்தோம். பத்து நாளாக ரீல் அட்டைக்குழாய் தெரியும்வரை வண்ணம் நகரவில்லை. வேகம் கூட்டும்போது மட்டும் ரோலர் இரண்டு முறை துள்ளி அடங்குகிறது. அடுத்து அதைத்தான் பார்க்கப்போகிறேன்.