டாடா 407 லாரி இன்ஜின் வேலை முடிஞ்சு வந்ததுல இருந்து காலைல வெள்ளைப் புகை, ஸ்டார்ட்டிங் ட்ரபுள், இழுவையும் இல்ல

ராசிபுரம்_407:
அண்ணா எல்லாருக்கும் வணக்கம். நம்ம வண்டி 99 மாடல் 407, டர்போ இல்லாத 497 இன்ஜின். ஆயில் குடிக்குதுன்னு போன மாசம் ஃபுல் வேலை பார்த்தாச்சு, லைனர் பிஸ்டன் ரிங் பேரிங் டைமிங் கியர் எல்லாம் புதுசு, கிராங்க் கிரைண்டிங், ஹெட்ல வால்வு வேலை, டீசல் பம்பும், டீசல சிலிண்டருக்குள்ள தெளிக்கற நாசிலும் பம்பு கடைல குடுத்து பெஞ்ச்ல செட் பண்ணி வாங்கினது. இப்ப 600 கிமீ ஓடியிருக்கு. காலைல பத்து நிமிஷம் செல்ஃப் அடிக்கணும், ஸ்டார்ட் ஆனா தெருவே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை, சூடானா குறையுது ஆனா சுத்தமா நிக்கல. ரெண்டு டன் ஜவ்வரிசி ஏத்திட்டு பெங்களூர் போறப்ப தொப்பூர் ஏத்தத்துல ரெண்டாவது கியருக்கு வந்துடுச்சு, முன்ன பழைய இன்ஜின்லயே மூணுல ஏறும்ங்க. மெக்கானிக் ஹெட் கேஸ்கெட்தான் (இன்ஜின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ இருக்கற பிளாக்குக்கும் நடுவுல இருக்கற தகடு) போயிருக்கு, ஹெட்ட திரும்ப இறக்கணும்ங்கறார். கையில காசே இல்ல, என்ன பண்றது?

சங்ககிரி_லாரிக்காரன்:
ஹெட்டுல கைய வைக்காதீங்க இப்போதைக்கு. இன்ஜின் ஆறி இருக்கறப்ப ரேடியேட்டர் மூடிய கழட்டி வச்சு ஸ்டார்ட் பண்ணி ரேஸ் குடுங்க, விடாம குமிழி குமிழியா வந்தா கேஸ்கெட்டுன்னு யோசிக்கலாம். அப்புறம் புகைகிட்ட போய் நில்லுங்க, கண்ணு எரிஞ்சு பச்சை டீசல் வாடை அடிச்சா அது எரியாம வர்ற டீசல். தண்ணி குறையுதா?

ராசிபுரம்_407:
பார்த்துட்டேண்ணா. குமிழி இல்ல, அஞ்சு நாளா தண்ணி ஒரு சொட்டு குறையல. கண்ணு பயங்கரமா எரியுது. இன்னொண்ணு, நேத்து டிரைவர் ஃபீட் பம்புல (டேங்குல இருந்து டீசல உறிஞ்சற சின்ன பம்பு) இருக்கற கைப்பம்ப ஒரு இருபது தடவ அடிச்சுட்டு சாவி போட்டாரு, உடனே ஸ்டார்ட் ஆயிடுச்சு.

நாமக்கல்_நைட்_டிரைவர்:
புது இன்ஜின் டைட்டா இருக்கும் ப்ரோ, ரெண்டாயிரம் கிமீ ஓடினா தானா செட் ஆயிடும். தினம் ஒரு மணி நேரம் ஐட்லிங்ல விடுங்க

பழைய_பம்பு_மெக்கானிக்:
தம்பி ராசிபுரம், அந்த கைப்பம்பு சமாச்சாரத்த முதல்லயே சொல்லியிருக்கணும், பாதி நோய் அதுலயே இருக்கு. டேங்குல இருந்து ஃபீட் பம்பு வரைக்கும் எங்கயோ காத்து உள்ள போகுது, ராத்திரி நிக்கறப்ப லைன்ல இருக்கற டீசல் டேங்குக்கே இறங்கிடுது. அது உறிஞ்சற பக்கம், அதனால வெளிய ஈரம்கூட தெரியாம இருக்கும், கண்ணால பார்த்துட்டு லீக் இல்லன்னு சொல்லிடாதீங்க. ஒரு அஞ்சு லிட்டர் கேன்ல டீசல் ஊத்தி கேபின் உயரத்துல கட்டி, டிரான்ஸ்பரன்ட் ஓஸ் போட்டு நேரா ஃபீட் பம்புக்கு குடுத்து லைன்ல காத்து எடுத்துட்டு ராத்திரி விட்டுடுங்க. காலைல ஒரே செல்ஃப்ல எடுத்தா பம்பு வரைக்கும் வர்ற லைன்தான் குத்தவாளி. பெரும்பாலும் பேஞ்சோ போல்ட்டுக்கு (டீசல் பைப்ப பம்போட இணைக்கற ஓட்டை போல்ட்டு) அடியில போடற பழைய செம்பு வாஷரையே திரும்ப போட்டிருப்பாங்க, அஞ்சு ரூபா ஐட்டம்.

இழுவை இல்லாதது வேற கணக்கு. சூடான பிறகும் வெள்ளைப் புகை, ஏத்தத்துல சொணங்குதுன்னா பம்பு டைமிங், அதாவது பம்பு டீசல் அடிக்கற நேரம், லேட்டா இருக்கணும். பழைய கோட்டு மார்க்க பார்த்து பம்ப மாட்டியிருந்தா அது தப்பு, கியரே மாத்தியாச்சு, அப்புறம் பழைய கோட்டுக்கு என்ன மதிப்பு? ஸ்பில் டைமிங் பார்க்கச் சொல்லுங்க, அதாவது பம்புல டீசல் ஓட்டம் நிக்கற இடத்த வச்சு டைமிங் பார்க்கறது. நாலாவது சிலிண்டர் ரெண்டு வால்வும் ஆடற நேரம் முதல் சிலிண்டர் கம்ப்ரஷன்ல இருக்கும், அங்க வச்சு, பம்புல முதல் சிலிண்டருக்கு டீசல் போற டெலிவரி வால்வ எடுத்துட்டு வளைஞ்ச பைப் மாட்டி, டீசல் அளவ கூட்டிக் குறைக்கற ரேக்க ஃபுல்ல வச்சு, கொஞ்சம் பின்ன திருப்பிட்டு கிராங்க ஓடற பக்கமா மெதுவா கொண்டு வரணும். டீசல் ஓட்டம் சொட்டு சொட்டா நின்னு வர்ற இடம்தான் இன்ஜெக்ஷன் ஆரம்பம். அது உங்க இன்ஜின் மேனுவல் சொல்ற டிகிரில வரணும். ரொம்ப அட்வான்ஸ் வச்சுடாதீங்க, டக்கு டக்குன்னு அடிச்சு புது பிஸ்டனுக்கே ஆபத்து.

நாமக்கல் தம்பிக்கு: ஐட்லிங்ல விட்டா ரிங் உக்காராது, லைனர் கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆயி ஆயில் ஏற ஆரம்பிச்சுடும். மிதமான லோடுல ஓட்டறதுதான் சரி.

நாமக்கல்_நைட்_டிரைவர்:
சரிங்கண்ணா, எங்க ஓனர் சொன்னத சொன்னேன்

ராசிபுரம்_407:
நாலு நாள் கழிச்சு வரேன். கேன் போட்டு காலைல ஒரே செல்ஃப். செக் பண்ணா டேங்க் லைன் ஓஸ்ல கிளிப்புக்கு அடியில வெடிப்பு, வாஷர் ரெண்டும் பழசு, மாத்தியாச்சு. டைமிங் அஞ்சு டிகிரி லேட், அதையும் வேற ஆள வச்சு சரி பண்ணேன். புகை காலைல ஒரு நிமிஷம்தான். தொப்பூர் மூணுல ஏறுச்சுண்ணா!! ஹெட்ட இறக்கச் சொன்ன மெக்கானிக் இப்ப ஃபோன் எடுக்கமாட்டேங்கறார் அது வேற விஷயம். முதல் ஆயில் எப்ப மாத்தறது?

பழைய_பம்பு_மெக்கானிக்:
ஆயிரத்துக்குள்ள மாத்திடுங்க, ஃபில்டரும் சேர்த்து. அன்னைக்கே டேப்பெட்டும் (வால்வு இடைவெளி) செக் பண்ணிடுங்க.

சங்ககிரி_லாரிக்காரன்:
பழைய ஆயில வெள்ளைத் துணில வடிகட்டி பாருங்க, பித்தளை மாதிரி மின்னுச்சுன்னா பேரிங் தேயுதோன்னு சந்தேகப்படணும், இங்க வந்து சொல்லுங்க.