மதிய வெயிலில் வளையும் காம்போசிட் கதவு: உதவி தேவை

கோத்தகிரியில் ஒரு பழைய கல்வீட்டுக்கு முன்வாசல் காம்போசிட் கதவு மாட்டினேன். மதியம் வெயில் ஏறினால் பூட்ட முடியவில்லை.

கதவு 44 மி.மீ. தடிமன், ஜிஆர்பி (கண்ணாடியிழை பிளாஸ்டிக்) தோல், உள்ளே பியூ (பாலியூரித்தேன்) ஃபோம், வெளிப்பக்கம் கறுப்பு நிறம், யுபிவிசி ஃப்ரேம், மல்டிபாயிண்ட் பூட்டு (ஒரே பூட்டு, மேலும் கீழுமாகப் பல இடங்களில் மாட்டும்). உள்நோக்கித் திறக்கும். வாசல் தென்மேற்கைப் பார்த்தது. மழைக்காலம் முழுக்க ஒரு தொல்லையும் இல்லை. டிசம்பரில் வானம் வெளுத்ததும் ஆரம்பித்தது. வெளிப்பக்கம் கை வைக்க முடியாத சூடு, உள்ளே சில்லென்று இருக்கிறது. நடுப்பகுதி வெளியே புடைத்து, மேல் மூலையும் கீழ் மூலையும் உள்ளே விலகுகின்றன. பூட்டின் கொக்கி, ஃப்ரேமில் அதை வாங்கும் தகடான கீப்பில் சேரவில்லை. பொழுது சாய்ந்தால் தானாகச் சரியாகிவிடுகிறது.

ஃப்ரேமின் தூக்கு (செங்குத்து நிலை), மூலைவிட்டம் இரண்டும் சரி. கீல்களைத் திருகிப் பார்த்தேன், பேக்கிங் (இடைவெளியில் வைக்கும் சிறு துண்டுகள்) மாற்றினேன். கீப்பை உள்ளே தள்ளி வைத்தால் மதியம் பூட்டுகிறது, ஆனால் காலையில் கதவு ஆடுகிறது, காற்றும் புகுகிறது. கோவை டீலர் ஃபிட்டிங் குறை என்கிறார், மலையேறி வந்து பார்க்கத்தான் ஆளில்லை!

கதவை மாற்றாமல், வெளிர் நிறம் அடித்தோ வாசலுக்கு மேல் சாய்ப்பு இறக்கியோ இந்த வளைவை நிறுத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?