படுக்கைப்புண்: இல்லத்தின் அலட்சியம் என்று எப்படி நிரூபிப்பது?

கேள்வி: முதியோர் இல்லத்தில் இருப்பவருக்கு வால் எலும்பே தெரிகிற அளவுக்குப் படுக்கைப்புண். "வயசானா வரத்தான் செய்யும்" என்கிறது நிர்வாகம். வழக்கு நிற்குமா?

பதில் 1: எலும்பு தெரிந்தால் நான்காம் நிலை, அதாவது படுக்கைப்புண்ணின் மிகக் கடுமையான கட்டம். திருப்பிப் படுக்க வைத்த பதிவேட்டைக் கேளுங்கள். படுத்த படுக்கையானவரைப் பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவார்கள். வாரம் முழுக்க ஒரே பேனா, நிமிஷம் பிசகாத நேரம் என்றிருந்தால் மொத்தமாக உட்கார்ந்து நிரப்பியிருக்கலாம். டூட்டி பட்டியலோடு ஒப்பிடுங்கள். லீவில் இருந்தவரின் கையெழுத்து அங்கேதான் மாட்டும்.

பதில் 2: எடைப் பதிவையும் விடாதீர்கள். சரியான சாப்பாடு இல்லாமல் உடம்பு இளைத்தாலும் படுக்கைப்புண் எளிதில் வரும். 60 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் 57-க்கு இறங்கினாலே டாக்டருக்குத் தெரிவித்திருக்க வேண்டும்.

பதில் 3: புண் இருப்பது மட்டும் போதாது. கவனிக்கத் தவறினார்கள், அதனால்தான் புண் வந்தது என்ற இரண்டையும் காட்ட வேண்டும். இரண்டாவதில்தான் பல வழக்குகள் சறுக்கும். சர்க்கரை, ரத்த ஓட்டக் குறைவு என்று எதிர்த்தரப்பு வாதாடும். சேர்த்த அன்றைய தோல் பரிசோதனைக் குறிப்பு இருந்தால் பெரிய பலம். பக்கத்தில் ஸ்கேல் வைத்து, தேதியோடு இன்றைக்கே போட்டோ எடுங்கள். பதிவேடுகளை எழுத்துமூலம் கேட்டு, ஒப்புகை வாங்குங்கள். வழக்குத் தொடரக் காலக்கெடு உண்டு, தாமதிக்காதீர்கள். தயவுசெய்து, இல்லம் நீட்டும் சமரசத் தாளில் வக்கீல் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.